யாளிக்குட்டியும் கோபித்துக்கொண்ட நிலாவும்

யாளிக்குட்டிக்குப் பல் முளைக்கும்போது என்ன செய்யும் என்று இன்பமேரியிடம் கேட்டுப் பாருங்கள், யோசிக்கவே மாட்டாள். "கைக்குக் கெடச்சதையெல்லாம் கடிக்கும். செருப்பு, கிலுகிலுப்ப, என் சேலத் தலப்பு" என்பாள். மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் அவளுக்கு வேலை. அங்கே யாளி கிடையாது. இருக்கிற பிள்ளைகளே போதும்.

சித்தூர் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்தவள் அவள். "இதுக்கா அம்புட்டு படிச்ச?" என்று கேட்காத ஆள் எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் இல்லை. பதில் அவளுடைய கைப்பேசிக்குள் ஒரு மாயாஜால நாவலாக வளர்ந்துகொண்டிருந்தது.

கூடப் படித்தவர்களெல்லாம் பரீட்சைக்காக மென்று விழுங்கிய பிள்ளைத்தமிழ் இவளை மட்டும் விடவில்லை. இடைக்காலப் புலவர்கள் தெய்வத்தையும் அரசனையும் கைக்குழந்தையாக்கிப் பாடிய வகை அது. தவழ்வது, தாலாட்டு, கை கொட்டுவது, முத்தம் கேட்பது, தளர்நடை என்று பத்துப் பருவம். சாமியையே தொட்டிலில் போடலாம் என்றால் யாளியைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? கோயில் தூணில் காலங்காலமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே, அதற்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் அல்லவா? இப்படித்தான் கரும்பி என்ற பெண் யாளிக்குட்டி பிறந்தது.

நாவலுக்கும் பத்துப் பருவம். நிலா காணாமல் போன ஒரு மலைநாடு. விழுங்கியது கரும்பிதான் என்று அந்நாட்டு ராஜா படை திரட்டுகிறான். அந்த மலைக்காரர்களின் பேச்சுக்காக இன்பமேரி பழைய கல்வெட்டுகளைப் படித்தாள். தமிழும் மலையாளமும் தனிக்குடித்தனம் போகாத காலத்துப் பேச்சு அது. "பையப் போ" என்று தாய் யாளி சொன்னால் லயத்துக்காரர்களுக்கும் புரியும், கோட்டயத்திலிருந்து வந்த சூப்பர்வைசருக்கும் புரியும். நிலாவுக்கு அங்கே திங்கள் என்றுதான் பெயர்.

ஆறு பருவம் முடிந்ததும் சிவப்பிரகாஷுக்கு அனுப்பினாள். கொழிஞ்சாம்பாறைக்காரர், கல்லூரியில் அவளுக்கு மேல்வகுப்பு, இப்போது கோயம்புத்தூரில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிறார். ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அருமைங்க மேரி. ஆனா படை மலையேறி வந்துருச்சு பாருங்க, இனி ஒரு சண்டை வேணுமுங்க. ராஜா சாகோணும், இல்லீன்னா யாளி சாகோணும். அதில்லாம எப்படிங்க புஸ்தகம் போடறது?"

"பாக்கேன் அண்ணே."

போர் என்றால் பரணி. கல்லூரிப் புத்தகங்களை மறுபடி எடுத்தாள். அங்கே போருக்கு என்ன பஞ்சம்? யானைகள் மலைமலையாகச் சாயும், பேய்கள் களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சிக் குடிக்கும். அந்தத் தடதடவென்ற சந்தத்திலேயே எழுதினாள். நன்றாக வந்து தொலைத்தது. கரும்பியின் கழுத்தில் ஈட்டி இறங்கும் வரியை எழுதி முடித்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த புருஷன் பாஸ்கல் ஓடி வந்தான். "என்னட்டி ஆச்சு?"

"கரும்பியக் கொன்னுட்டேன்."

"நீதான எழுதுத? கொல்லாம விட வேண்டியதான!"

"விட்டா புஸ்தகம் வராது."

அவளுக்குப் புத்தகம் வேண்டும். அட்டையில் தன் பெயரைப் பார்க்க அவ்வளவு ஆசை. கரும்பியும் வேண்டும். இரண்டில் ஒன்றை விடு என்றால் எதை விடுவாள்?

அந்த வாரம் காப்பகத்துக்கு டின்சி வந்து சேர்ந்தாள். இரண்டு வயது. அம்மா சரிவில் இறங்கி மறைந்ததும் வாசற்படியில் உட்கார்ந்தவள்தான், உள்ளே வருவேனா என்றிருந்தாள். இன்பமேரி கெஞ்சினாள்.

"ஒன்னப் போலத்தான இவங்களும் சின்னப் பிள்ளைக? வாம்மா."

அசையவில்லை.

"நீ ஒத்தையில இருக்க. இங்க பாரு, எத்தன பேரு, எத்தன பொம்ம!"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வந்தா ரஸ்க் தருவேன்."

ம்ஹூம்.

"வரலன்னா அட்ட வந்து கடிச்சிரும், பாத்துக்க!"

டின்சி தன் காலை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி சரிவைப் பார்த்தாள். இன்பமேரிக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைத்தமிழின் ஏழாவது பருவம் அம்புலி. தன் பிள்ளையோடு விளையாட வரும்படி தாய் நிலாவைக் கூப்பிடுவாள். நீயும் இவனும் ஒன்று என்பாள், நீ இவனுக்குக் குறைந்தவன் என்பாள், வந்தால் இன்னது கிடைக்கும் என்பாள், கடைசியில் மிரட்டுவாள். இந்த நான்கு வழியையும் வரிசை மாறாமல் இப்போது இவளே செய்து முடித்திருந்தாள். அந்தப் பாட்டுகளில் எத்தனையோ தாய்மார்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். நிலா இறங்கி வந்ததாக ஒரு பாட்டும் அவள் படித்ததில்லை. ஏன் வரவில்லை என்று அவளும் இதுவரை கேட்டதில்லை.

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் நடக்கப் பழகாத ஒரு வாண்டு தவழ்ந்து போய் டின்சியின் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் சரிவைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து டின்சியின் சாக்ஸைப் பிடித்து இழுத்துக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தது. "என் சாசு!" என்று கத்திக்கொண்டே டின்சி அதன் பின்னால் ஓடி வந்தாள்.

அன்று சாயந்திரமே இன்பமேரி போரை அழித்தாள். பேய்களுக்குக் கூழ் இல்லாமல் போயிற்று. நிலாவை யாரும் விழுங்கவில்லை, அது கோபித்துக்கொண்டு உச்சிமலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது என்று எழுதினாள். ஊரே அதை அதட்டியும் ஆசை காட்டியும் பார்த்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தது கரும்பிதான். ஈட்டியோடு மலையேறி வந்த படை, இரண்டும் சேர்ந்து இறங்கி வருவதைப் பார்த்து வழிவிட்டது.

"அண்ணே, கரும்பி சாகாது. இப்படியே போட்டா போடுங்க. இல்லன்னா புஸ்தகம் வேண்டாம்" என்று சேர்த்து அனுப்பினாள். அனுப்பிய கையோடு திரும்ப எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். எடுக்கவில்லை.

பதிலே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வரும்போது போன் அடித்தது. சிவப்பிரகாஷின் எண், குரல் மட்டும் ஒரு சின்னப் பெண்ணுடையது.

"ஏனுங்க, நானு யோகப்பிரியாங்க. நெலா எறங்கி வந்துச்சல்லங்க, அப்பறம் கரும்பிகூட என்னங்க வெளையாடுச்சு?"

உடனே அவள் அப்பா சிவப்பிரகாஷ் போனைப் பிடுங்கிப் பேசினார். "எம்புள்ளைங்க மேரி. படிச்சுக் காட்டுனனுங்க. சண்டை எங்கன்னு ஒருக்காக்கூடக் கேக்கலீங்க. நாலு நாளா இதையேதான் கேட்டு என் உசுர எடுக்கறா. மிச்சம் மூணு பருவத்தையும் எழுதி அனுப்புங்க, போட்டரலாமுங்க."

இன்பமேரி பாஸ்கலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை. பெண்பிள்ளைக்குப் பாடும்போது பத்தாவது பருவம் ஊசல்.

"அவகிட்ட குடுங்க அண்ணே" என்றாள். "ரெண்டு பேரும் ஊஞ்சல் ஆடுனாங்க கண்ணு."

"யாருங்க ஆட்டி உட்டாங்க?"

அதை இன்பமேரி யோசித்திருக்கவில்லை. ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருவன் அந்த மலையில் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"ராஜாதான்" என்றாள்.