வடைத் தட்டோடு வந்த தீர்மானம்

போன வாரம் சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். டீக்கடையில் மெதுவடை போட ஆரம்பித்தார்கள். எண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் பொரிகிற அந்த வாசனைக்கு மசியாத ஆள் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நானும் ஒன்றை வாங்கிக் கடித்தேன். பக்கத்தில் நின்றவர், "அண்ணே, பழங்காநத்தம் வண்டி போயிருச்சா?" என்றார். வாய் நிறைய வடை. தலையை ஒரு தினுசாக ஆட்டிவைத்தேன். போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு அவர் ஆட்டோ பிடித்துப் போனார். அவர் போன கையோடு வண்டி வந்து நின்றது.

வாயில் வடையோடு ஆட்டுகிற தலையை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இதை நான் எங்கே பார்த்தேன் என்று கேளுங்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுக் கூட்டத்தில்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு வேடிக்கை. ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே தபால் வழியில் படித்தவன் நான். "இவன் வாசிச்சு வந்தவன் இல்ல, பேசிப் பேசியே வந்தவன்" என்று அம்மா சொல்லும். அப்படிப்பட்டவனுக்குத் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்தது, பல்கலைக்கழகம் டவுனுக்குள் நடத்திய மாலை நேர மையத்தில். ஒரு பள்ளிக்கூடத்து மாடி. பகலில் வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலம் வந்து எம்.ஏ. படிப்பார்கள்.

அந்த வகுப்புக்கு ஒரு வாசனை உண்டு. ஆளாளுக்கு அவரவர் தொழிலைச் சட்டையில் பூசிக்கொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் உட்கார்ந்த பக்கம் டெட்டால். ஓட்டல் கேஷியர் பக்கம் சாம்பார். முதல் பெஞ்சில் யூசுப் பாய் உட்கார்ந்தால் இரும்பும் மிஷின் ஆயிலும். பாய்க்குப் பூட்டுக்கடை. வயது என்னைவிட அதிகம். வரலாறு படிக்க வந்தார். "இந்த வயசுல எதுக்கு பாய்?" என்று யாராவது கேட்டால், "ஊர்ல இருக்க பூட்டையெல்லாம் தொறந்துட்டேன், மண்டைப் பூட்டு ஒண்ணுதான் பாக்கி" என்பார். அவர் மகள் காலேஜில் சேர்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று வீட்டில் பந்தயமாம். மாலை மையம் இருந்தால்தான் அது நடக்கும். பகலில் கடையை அப்படியே போட்டுவிட்டு ஊருக்கு வெளியே பொட்டல்காட்டில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு அவர் எங்கே போவது?

மையத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியபோது எங்களுக்குத் துணைக்கு வந்தவர் செல்லப்பாண்டி அண்ணன். பொருளாதாரத் துறை. வகுப்பில் எப்படியோ தெரியாது, டீக்கடையில் அவர் பேசினால் டீ ஆறிப்போவது யாருக்கும் தெரியாது. கல்விக்குழுவில் ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிற இடம் ஒன்று உண்டு. மற்றவர்களெல்லாம் பதவியால் வந்தவர்கள், மேலிடத்தால் வந்தவர்கள். அந்த ஒரு நாற்காலிதான் எங்களுடையது. அதற்கு அண்ணன் நின்றார்.

அவர் ஓட்டுக் கேட்ட அழகே தனி. கல்விக்குழுவில் சிக்கலான விஷயம் எதுவும் முன்கூட்டி அனுப்புகிற பட்டியலில் வராது. வடை வரும்போது வரும். அதற்கு 'டேபிள் அஜெண்டா' என்று பெயர். தட்டும் தாளும் ஒன்றாக மேசைக்கு வரும். எல்லோரும் ஒரு விள்ளலை வாயில் போட்ட நேரமாகப் பார்த்துப் பதிவாளர் விறுவிறுவென்று வாசிப்பார். தலைகள் ஆடும். "ஏகமனதாக" என்று எழுதிவிடுவார்கள். இதைச் சொல்லித்தான் அண்ணன் ஓட்டுக் கேட்டார். "வாயில வடை இருந்தா எவன்யா இல்லேம்பான்? நான் அந்த வடையைத் தொட மாட்டேன். இது சத்தியம்."

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. ஓட்டில் வந்த உறுப்பினர் எழுந்து நின்று மறுப்புச் சொன்னால், அந்தப் பொருளை அன்று முடிக்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். சட்டப் புத்தகத்தில் உண்டோ இல்லையோ, காலம் காலமாக நடந்துவந்தது. எங்களுக்கு அது போதும். அடுத்த கூட்டத்துக்குள் பாய் கடைசிப் பரிட்சையை எழுதி முடித்துவிடுவார். ஒரே ஒரு 'இல்லை'தான் வேண்டியிருந்தது.

அண்ணன் ஜெயித்தார். ஜெயித்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு பூட்டுக்கடைக்கே வந்தார். பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பாதாம்பால் வாங்கிவரச் சொன்னார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், நீங்க பரிட்சைக்குப் படிங்க. உங்களுக்காக நான் பேசுறேன்" என்றார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நமக்கு எதற்குத்தான் கலங்காது?

கூட்டத்தன்று மையத்தைப் பற்றி ஏதாவது கேட்டால் சொல்வதற்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சிறப்பு அழைப்பாளர் என்று பெயர்தான் பெரிசு. சுவரோரம் ஒரு நாற்காலி, கேட்டால் மட்டும் வாயைத் திறக்கலாம். துணைவேந்தர் நடுவில். அண்ணன் எனக்கு நேர் எதிரே. என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு.

வடை வந்தது. கூடவே தாளும் வந்தது. எல்லோரும் பிட்டார்கள். அண்ணன் தன் தட்டைக் கையால் ஒதுக்கி வைத்தார். சொன்னபடி நிற்கிற மனுஷனைப் பார்க்கிற பெருமை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 'மாலை மையத்தை முதன்மை வளாகத்தோடு இணைப்பது' என்று பதிவாளர் வாசித்தார். மூடுவது என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. "யாராவது வழிமொழிய..." என்று துணைவேந்தர் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேர் வாயும் நிறைந்திருந்தது.

செல்லப்பாண்டி அண்ணன் எழுந்து நின்றார். கூட்டத்திலேயே காலியாக இருந்த வாய் அவருடையது. "வழிமொழிகிறேன்" என்றார்.

உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வராந்தாவில் பிடித்தேன். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"கத்தாத மாப்ள. நான் எந்திரிச்சு மறுத்தா மட்டும் விட்ருவாய்ங்களா? எப்படியும் மூடத்தான் போறாய்ங்க. நாம உள்ள நல்ல பேரோட இருந்தாத்தான் நாளைக்கு நாலு காரியம் கேட்டு வாங்க முடியும்."

"யாருக்குண்ணே?"

அண்ணன் சட்டைப் பையில் பேனாவைச் சொருகிக்கொண்டு நடந்தார். அடுத்த மாதமே ஒரு இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் வந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஓநாய்க்கு ஓட்டுப் போட்டு, குடையையும் நாங்களே வாங்கிக் கொடுத்திருந்தோம்.

என் வேலையும் அதோடு போயிற்று. திரும்பவும் ஜவுளிக்கடைக்குப் போனேன். அது வேறு கதை, அங்கேயும் பேசித்தான் பிழைத்தேன். பாயிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாள் அந்தத் தெருவையே சுற்றிப் போனேன். கடைசியில் போனால், அவருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

"ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தாரு சார். மாடிக் கதவுக்குப் பூட்டு வேணும்னாரு."

"நம்ம மையத்துக்கா?"

"ஆமா. நல்ல பூட்டாப் பாத்துத்தான் குடுத்தேன். யாவாரத்துல ஏமாத்தக் கூடாதுல்ல?"

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "படிப்பு போனா போகுது சார். அந்தாளு இங்க வந்து, என் கையைப் பிடிச்சு, உங்களுக்காகப் பேசுறேன்னு சொன்னாரு பாருங்க, அதை அன்னைக்கே வீட்ல சொல்லிட்டேன். மக, 'அத்தா, அவரு என்ன பேசுனாரு?'ன்னு தெனம் கேக்குது. அதுக்குத்தான் எனக்கு ஜவாபு தெரியல."

இதெல்லாம் நடந்து வருஷம் பல ஆயிற்று. பாயின் மகள் பட்டம் வாங்கி, கல்யாணமாகி, வெளியூர் போய்விட்டாள். பாய் கடையை அக்கா மகனிடம் விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்து மாடியை இடித்து செல்போன் கடைகள் கட்டிவிட்டார்கள். அந்தப் படியேறி வந்த டெட்டால், சாம்பார், மிஷின் ஆயில் எல்லாம் எங்கெங்கோ கலைந்துவிட்டன.

செல்லப்பாண்டி அண்ணனை ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். ஓய்வு பெற்று, மெலிந்துபோயிருந்தார். "என்ன மாப்ள, பேச மாட்டேங்குற?" என்றார். "பேசுறதுக்குத்தானண்ணே உங்களை அனுப்புனோம்" என்றேன்.

பல்கலைக்கழகத்தில் இப்போதும் கூட்டம் நடக்கிறது, கம்ப்யூட்டர் திரையில் என்கிறார்கள். அந்த ஓட்டு நாற்காலிக்குத் தேர்தல் வைத்து எவ்வளவோ காலமாயிற்றாம். மேலேயிருந்தே ஆள் போட்டுவிடுகிறார்கள். யாரும் எந்தக் கடையேறியும் யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை. உங்களுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லி எங்களை ஏமாற்றக்கூட இப்போது ஆள் கிடையாது.