தலையில் கை வைக்காத மிஹ்லார்

இது நடந்த விஷயம். ஆலங்குடாவில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து யாரைக் கேட்டாலும் ஓம், உண்மைதான் என்பார்கள். சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று மிஹ்லாரைப் பாருங்கள். நல்ல உயரம், நல்ல நிறம், இஸ்திரி போட்ட சாரம், வாசனை அத்தர். தொப்பி மட்டும் இருக்காது. தொப்பி போட வேண்டுமென்றால் கை தலைக்குப் போக வேண்டுமே. மிஹ்லாரின் கை தலைக்குப் போகாது. மழை பெய்தால் நனைந்துகொண்டு வருவான். தொழுகைக்கு உளூச் செய்யும்போதுகூட குழாயடியில் நன்றாகக் குனிந்து, தலையைக் கையிடம் கொண்டுபோவானே தவிர, நிமிர்ந்து நின்று கையைத் தலையில் வைத்ததை ஒரு வருஷமாக ஊரில் ஒருவரும் காணவில்லை.

ஏனென்று கேட்டால் அவன் உம்மா உம்மு குல்சூம் பேச்சை மாற்றிவிடுவார். எங்கள் வேலிக்கும் அவர்கள் வேலிக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான் நிற்கிறது. மாற்றிய பேச்சையும், மாற்ற மறந்த பேச்சையும் சேர்த்துக் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

மிஹ்லாரின் தொழில் பட்டம் விடுவது. சிரிக்கக் கூடாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெள்ளைக்காரர் ஆலங்குடாவுக்கு வருவதே அதற்குத்தான். கூரை அகலப் பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலில் பலகையோடு, கடலோரத்து ஆழமில்லாத களப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போவார்கள். அதைப் பழக்குவதற்குக் களப்புக் கரையில் ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் நாலு கம்பும் ஒரு கிடுகுக் கூரையும். மாணவர் தண்ணீரில், மாஸ்டர் கரையில். மாணவரின் தலையில் ஹெல்மட், அதன் காதுப் பக்கத்தில் சின்ன ரேடியோ. மாஸ்டர் மைக்கில் சொல்வது மாணவரின் காதில் விழும். ஆனால் மாணவரால் திருப்பிப் பேச முடியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சொன்னது கேட்டது, எல்லாம் சரி என்றால் மாணவர் உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக் காட்ட வேண்டும். அதைக் கண்டால் மாஸ்டர் மைக்கைக் கீழே வைப்பார். கை தலைக்கு வரும்வரை விடமாட்டார். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நிற்பார்.

இந்தத் தொழிலை ஊருக்குக் கொண்டுவந்தவன் லூக்கா என்ற வெள்ளைக்காரன். அவனிடம் முதலில் பழகியவர் மர்ஸூக், மிஹ்லாரின் அக்கா ஃபாஹிமா ராத்தாவின் புருஷன். லூக்கா நாட்டுக்குத் திரும்பும்போது தன் மஞ்சள் ஹெல்மட்டை மர்ஸூக்கின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். போன கொஞ்ச காலத்தில் அங்கே இறந்தும் போனான். அதற்குப் பிறகுதான் கதை கிளம்பியது. ஹெல்மட்டில் பற்றரி இல்லை, பற்றரி வைக்கிற இடமே துருப்பிடித்துவிட்டது, ஆனாலும் அதைப் போட்டால் லூக்கா காதுக்குள் பேசுகிறான், பிழை விட்டால் திருத்துகிறான் என்று மர்ஸூக் சொன்னார். நாங்கள் சிரித்தோம். மர்ஸூக்கிடம் வந்தவர்கள் எல்லாம் இரண்டே நாளில் பலகையில் எழும்பி நின்றபோது கொஞ்சம் குறைத்துச் சிரித்தோம்.

போன வருஷம் நோன்பு மாதம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பப் போன ஃபாஹிமாவுக்கு மர்ஸூக் கண் திறக்கவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் ஃபாஹிமா அலுமாரியைத் திறந்து அந்த ஹெல்மட்டை எடுத்தாள். மிஹ்லார் கையை நீட்டிக்கொண்டு எழும்பினான். அது அவனைத் தாண்டிப் போய் நிலுக்சனின் மடியில் இறங்கியது.

நிலுக்சன் உடப்பு என்ற கடலோர ஊர்ப் பொடியன். மர்ஸூக்கிடம் மிஹ்லாருக்குப் பிறகு சேர்ந்தவன். நாங்கள் சஹன் தட்டைச் சுற்றி இருந்தவர்கள், சோற்றுக் கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

“நான் உங்கட கூடப்பிறந்த தம்பி இல்லியா, ராத்தா?”

“அவர் சொல்லிட்டுத்தான் போனார். நிலுக்குக் குடு எண்டு.”

“ஏன், எனக்கு என்ன குறை?”

“மிஹ்லாருக்கு ஓம் எண்டு சொல்லத் தெரியும், கேக்கத் தெரியாது எண்டார்.”

இதைச் சபையில் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஃபாஹிமா விடுகிற ஆள் இல்லை.

அன்றிலிருந்து மிஹ்லாருக்குச் சோறு இறங்கவில்லை. நிலுக்சனிடம் பழகிய ஒரு ஜேர்மன்காரி, போகும்போது அவனைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். மிஹ்லாரிடம் பழகியவள் வெயிலுக்குப் பூசுகிற கிறீமை மறந்து விட்டுவிட்டுப் போனாள், அதைத் தேடிக்கூட வரவில்லை. நிலுக்சனை எந்தெந்த நாட்டுக்காரர் என்னென்ன புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று போனில் தேடித் தேடி வாசிப்பான். வாசித்துவிட்டு போனைக் கட்டிலில் எறிவான். பிறகு எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசிப்பான். நிலுக்சனோ காலையில் தனக்குத் தேத்தண்ணி வாங்கினால் ‘மிஹ்லார் நானாவுக்கும்’ என்று அண்ணன் முறை வைத்து இன்னொன்று வாங்கி வருவான். இவனுக்கு ஊரிலேயே ஆகக் கசந்த சாமான் அந்தத் தேத்தண்ணிதான்.

அதற்கிடையில் பள்ளிக்கூடத்தின் முதலாளி கொழும்பிலிருந்து செய்தி அனுப்பினார். ஆவணி முடிவதற்குள் வந்து பார்ப்பாராம். இருவரில் ஒருவனைத் தலைமை மாஸ்டராக வைப்பாராம். மற்றவன் அவனுக்குக் கீழே. மிஹ்லாருக்குக் கண்ணை மூடினால் அந்த ‘கீழே’தான் தெரிந்தது.

அந்தக் கிழமை உடப்பில் அம்மன் கோயில் திருவிழா. நிலுக்சன் தீமிதிக்கக் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டினால் தீமிதிப்பு முடியும்வரை ஊரை விட்டு வரமாட்டான். புறப்படும்போது ஹெல்மட்டைக் கொட்டிலின் ஆணியில் மாட்டி, மிஹ்லாரிடமே ஒப்படைத்தான்.

“இதைப் பார்த்துக்கொள்ளுங்க, நானா.”

“ஏன், இது இல்லாம உனக்கு ஓடுமா?”

நிலுக்சன் வெட்கப்பட்டுச் சிரித்தான். “இப்ப இது போடாட்டியும் கேக்குது, நானா. கடல்ல கால் வைச்சாப் போதும். மர்ஸூக் நானாட சத்தம் காதுக்குள்ள வருது. தலையில கை வைக்கிற மட்டும் மனுசன் விடமாட்டார்.”

பொடியன் உள்ளதைச் சொன்னான். மிஹ்லாருக்கு அது நெஞ்சில் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்தது. ஊர் சாப்பிட்டுவிட்டுச் சரிந்துவிட்டது. அன்றைக்குப் பாடம் இல்லை. களப்புக் கரையில் ஒருவர் இல்லை. வெயில் வெள்ளையாக நின்றது.

மிஹ்லார் ஆணியிலிருந்து ஹெல்மட்டை எடுத்தான். பற்றரிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். வெறுமை. பச்சைத் துரு. மாஸ்டரின் மைக் பக்கத்து ஆணியில் தொங்கியது. அதுவும் அணைந்துதான் இருந்தது. ஹெல்மட்டைத் தலையில் மாட்டிக்கொண்டான்.

தனியே பட்டத்தை ஏற்றக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். ஏற்றினான்.

காற்று நல்ல காற்று. ஒருமுறை போய் வந்தான். இன்னொருமுறை போய் வந்தான். காதில் ஒன்றுமில்லை. உடப்பான் ஊரை ஏமாற்றியிருக்கிறான் என்று நினைக்கையில் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்ததாம்.

அப்போது…

ஸ்ஸ்ஸ்…

காதுக்குள் மணல் உதிர்கிற மாதிரி.

“நிலு.”

மர்ஸூக்கின் குரல். அதே கரகரப்பு. சொல்லுக்கு முன்னால் வருகிற அதே சின்ன இருமல்.

முதலில் பயம் வரவில்லையாம். எரிச்சல்தான் வந்ததாம். மௌத்தான பிறகும் மச்சானின் வாயில் நிலுதான்.

“நிலு, அலை பெரிசு. அவசரப்படாத.”

களப்பில் அலை ஏது? முழங்காலுக்கு மேல் அலை எழும்பிய சரித்திரம் இல்லை.

“அந்த மனுசனை விடு. அவன் கரைக்குப் போயிட்டான்.”

எந்த மனுசன்? கரையில் நாய்கூட இல்லை.

பழைய பாடம் என்று மிஹ்லார் நினைத்தான். எப்போதோ நிலுவுக்குச் சொன்னதை இந்தச் சாமான் பிடித்து வைத்திருக்கிறது. இப்போது கக்குகிறது. அவ்வளவுதான்.

“காலில கயிறு. இழுக்காத. இழுத்தா இறுகும்.”

குனிந்து பார்த்தான். காலில் பலகை. கீழே மணல். கயிறு இல்லை.

“தலையை மேல வைச்சுக்கொண்டு சும்மா கிட. வள்ளம் வருது. நான் சொல்ற மட்டும் அசையாத.”

வள்ளம் இல்லை.

“கேட்டா தலையில கை வை, நிலு.”

அந்தக் குரலில் எவ்வளவு அக்கறை. இத்தனை வருஷத்தில் மச்சான் தன்னிடம் ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கிறாரா? இல்லை. திட்டியிருக்கிறார். சிரித்திருக்கிறார். இப்படிப் பேசியதில்லை.

“கை வை, நிலு…”

இன்றைக்கு ஹெல்மட் என் தலையில். இன்றைக்கு நிலு நான்தான் என்று நினைத்தான்.

மிஹ்லார் இடது கையை உயர்த்தினான்.

உள்ளங்கையைத் தலையில் வைத்தான்.

“ஆ… கண்டேன். சரி அப்ப. நான் விடுறேன்.”

ஸ்ஸ்ஸ்…

கண்டேன்?

பழைய பாடம் எப்படிக் காணும்?

கரையைத் திரும்பிப் பார்த்தான். ஒருவருமில்லை. காதில் இரைச்சலும் இல்லை.

பிறகு…

குளுக்.

குளுக்… குளுக்.

யாரோ தண்ணீருக்குள் மூச்சு விடுகிற மாதிரி.

குளுக்…

நின்றது.

பட்டத்தைக் கழற்றி விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் விழுந்தெழும்பிக் கரைக்கு வந்தான். மைக் ஆணியில் இல்லை. மாஸ்டர் வழக்கமாக நிற்கிற இடத்தில், மணலில் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை. பேசி முடித்து, பக்குவமாகக் கீழே வைத்த மாதிரி.

சுற்றிலும் காலடி இல்லை.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது உடப்பிலிருந்து போன் வந்தது. திருவிழா பார்க்க வந்த வெளியூர் மனுசன் ஒருவர் குளிக்கிறேன் என்று கடலில் இறங்கி, அலையில் மாட்டியிருக்கிறார். காப்புக் கட்டிய கையோடு நிலுக்சன் பாய்ந்திருக்கிறான். மனுசனைக் கரைக்குத் தள்ளிவிட்டான். அவர் பிழைத்தார். நிலுக்சன் வரவில்லை. அங்கே தாழ்ந்து கிடந்த ஒரு பழைய படகின் கயிறு காலில் சிக்கிவிட்டது.

ஜும்ஆவுக்குப் பிறகு. அஸருக்கு முன்.

முதலாளி வந்தார். போட்டி இல்லாத இடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மிஹ்லார் தலைமை மாஸ்டர் ஆனான். ஃபாஹிமா கொட்டிலில் கிடந்த ஹெல்மட்டைக் கொண்டுவந்து தம்பியின் கட்டிலில் வைத்தாள். “எடு. நீ கேட்டது.” அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படித்தான் நாங்கள் நினைக்கிறோம். தலைமை மாஸ்டர் முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்தின் வழக்கத்தை மாற்றினான். கேட்டது என்றால் இனிமேல் தலையில் கை வேண்டாம், பெருவிரலை உயர்த்தினால் போதும். வெள்ளைக்காரருக்கு ஏனென்று விளங்கவில்லை. எங்களுக்கும் அப்போது விளங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மிஹ்லார் உடப்புக்குப் போனான். போகாமல் விட்டால் ஊர் கதைக்கும். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு காப்பாற்றப் போனவன் நிலுக்சனின் அண்ணன் றொபின்சன். இவனைப் பக்கத்தில் இருத்தி அவன்தான் சொன்னான்.

“தம்பி துள்ளவே இல்லை, மிஹ்லார். தலையைத் தண்ணிக்கு மேல வைச்சுக்கொண்டு, கையைக் காதில வைச்சுக்கொண்டு, ஆரோ கதைக்கிறதைக் கேக்கிற மாதிரிக் கிடந்தான். நாங்க கிட்டப் போயிட்டம். இன்னும் கொஞ்சம்தான். அப்ப திடீரெண்டு காதிலயிருந்து கையை எடுத்தான். சுத்திச் சுத்திப் பார்த்தான். ஆளைக் காணேல்லை எண்ட மாதிரி. பிறகுதான் கயிறை இழுக்கத் தொடங்கினான்.”

மிஹ்லார், முன்னால் வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டான். அன்றிரவு உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம் நாங்களும் விழித்துத்தான் இருந்தோம்.

ஹெல்மட் இப்போது அவர்கள் வீட்டு அலுமாரியில், துவாயில் சுற்றி, பூட்டி இருக்கிறது. உம்மு குல்சூம் அதை இரண்டுமுறை களப்பில் எறிந்துவிட்டு வந்தார். இரண்டுமுறையும் யாரோ நல்ல மனுசர், மாஸ்டரின் சாமான் என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆ முடிந்து ஊர் சரிந்த நேரத்தில், அந்த அலுமாரிக்குள் மணல் உதிர்கிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு குரல். மர்ஸூக்கின் குரல் இல்லை. இளம் குரல். மரியாதையான குரல்.

“மிஹ்லார் நானா… கேட்டா தலையில கை வைங்க.”

கொஞ்சம் பொறுத்து, இன்னொருமுறை.

“கேட்டா தலையில கை வைங்க, நானா…”

கை தலைக்கு வரும்வரை மாஸ்டர் விடமாட்டார்.