பல் முளைத்த கட்டி

பாதாலஜி டாக்டரைத் தேடி நோயாளி வருவதில்லை, நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த சதைத்துண்டு மட்டும் டப்பாவில் வரும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, பேய்க்கதை கேட்க நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

கத்தியில் இடறியது

நன்னிலத்துப் பெண், கல்யாணம் நிச்சயமானவள். அவளுடைய சினைப்பையிலிருந்து எடுத்த கட்டி தஞ்சாவூரில் எங்கள் லேபுக்கு வந்தது. அறுத்தேன். உள்ளே எண்ணெய் தேய்த்தது போல நீளமான கறுப்பு முடி. அதற்கடியில் கத்தி எதிலோ இடறியது. கடைவாய்ப்பல்! டெக்னீஷியன் ஷமீமா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேடம், இது நம்மளப் பாத்துச் சிரிக்குது."

சொம்பில் பால்

ஆபரேஷன் முடிந்ததும் எடுத்ததைத் தட்டில் வைத்து உறவினர்களிடம் காட்டுவது வழக்கம். அன்று கட்டியில் விழுந்திருந்த கீறல் வழியே முடி எட்டிப் பார்த்திருக்கிறது. அங்கே நின்றிருந்த மாப்பிள்ளையின் அம்மா, "வயித்துல புள்ள" என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை, பெண்ணைப் பெற்றவளே அதை நம்பியதுதான். மூடிய சொம்போடு லேப் வாசலில் நின்றாள்.

"புள்ளன்னா சொல்லிடுங்க டாக்டரம்மா. பால் ஊத்திப் பொதைச்சிடுறேன்."

கேட்காத செல்

பெண்ணையும் மாப்பிள்ளையின் அம்மாவையும் வரவழைத்தேன். மூவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் முழு உடம்புக்கான குறிப்பும் இருக்கிறது. கரு வளரும்போது பக்கத்துச் செல்கள் ரசாயனத்தால் சேதி அனுப்பும்: நீ தோல், நீ நரம்பு, அதோடு நில். முட்டையாக வேண்டிய செல் ஒன்று, எந்தச் சேதிக்கும் காத்திராமல், தானாகவே முடியும் பல்லும் செய்யத் தொடங்கிவிட்டது. இதற்கு ஆண் தேவையில்லை, சின்னக் குழந்தைக்கும் வரும்.

மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். இது தோல், இது வியர்வைச் சுரப்பி, இது துளி மூளைத் திசு. மாப்பிள்ளையின் அம்மா தலையை வெடுக்கென்று எடுத்தார். "அப்ப என் உடம்புலயும் இதெல்லாம் செய்யுற குறிப்பு சும்மா கெடக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். தன் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தப்பாப் பேசிட்டேன், கல்யாணம் நடக்கும்" என்றார். பெற்றவள் அழுதாள்.

அதுவரை வாயே திறக்காத பெண் என் பக்கம் திரும்பினாள். "மூளையும் இருந்துச்சுன்னீங்களே. இவங்க என்னைப் பத்திப் பேசினதெல்லாம் அது கேட்டிருக்குமா டாக்டர்?"

அதற்குக் காது கிடையாது என்று அடித்துச் சொல்லி அனுப்பினேன், ஆனால் அந்த டப்பா இருக்கும் அலமாரிப் பக்கம் நானும் ஷமீமாவும் இன்றுவரை யாரைப் பற்றியும் தப்பாகப் பேசுவதில்லை.