இன்னைக்கு என்ன தேதிங்க?

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையோரம் நானும் என் மனைவியும் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை நடத்தினோம். ஜெராக்ஸ் மிஷின் என் பொறுப்பு, கம்ப்யூட்டர் அவளுடையது. ரயில் டிக்கெட் போடுவது, கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்புவது எல்லாம் அவள்தான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி இருந்தது. இரவில் அணைத்துவிட்டுப் போனால் காலையில் தேதியை மறந்திருக்கும். திரையின் மூலையில், எங்கள் கல்யாணத்துக்கும் முந்தைய ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி ஒன்றாம் தேதி நிற்கும்.

"ஏனுங்க, இன்னைக்கு என்ன தேதிங்க?"

ஷட்டரைத் தூக்கிக்கொண்டே சொல்வேன். தேதியையும் மணியையும் தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். அவள் கையிலேயே செல்போன் இருக்கும்.

"உள்ள பேட்டரி போயிருச்சுன்னா மாத்திரலாமுல்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மாத்திப்போட்டா, காத்தால உங்ககிட்ட பேசறதுக்கு என்னங்க இருக்குது?" என்று சிரித்தாள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

போன ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், நெஞ்சு வலிக்கிறது என்றாள். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனோம். போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆனபிறகு ஒரு காலையில் கடையைத் திறந்தேன். கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டதும் வாய் தானாகத் தேதியைச் சொல்லிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியின் முதுகில் அவளுடைய துண்டு கிடந்தது.

அன்று டிக்கெட் போட ஒருவர் வந்தார். நெட்டில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்றே திரும்பத் திரும்ப வந்தது. அதை எங்கே மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவரை வேறு கடைக்கு அனுப்பிவிட்டு, ராசிபுரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன்.

பெட்டியைக் கழற்றி, பொத்தான் அளவு பேட்டரி ஒன்றை எடுத்துக் காட்டினார். "கரண்டு இல்லாதப்ப மணிய ஓட்டறது இதுதானுங்கண்ணா. இது செத்துருச்சு."

"நெட்டுலருந்து தானா சரியாயிக்காதுங்களா?"

"கொஞ்சம் முன்னப் பின்னன்னா பாத்துச் சரி பண்ணிக்கும். வருசக்கணக்குல பின்னாடி போனா, பெரும்பாலும் அது தொடாதுங்கண்ணா. நாமதான் கையில வெக்கோணும்."

புது பேட்டரி போட்டார். மூலையில் சரியான தேதி வந்தது. மறுநாள் காலையும் அது அப்படியே இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஆறுதலாக இல்லை.

கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, கடை கேமராவுல அம்மா அப்பப்ப தன்னயே போட்டோ எடுத்துப் பாப்பாங்கல்ல? கடைசியா எடுத்தது இருக்குதுங்களாப்பா?"

விண்ணப்பங்களுக்குப் போட்டோ எடுக்க மானிட்டர் மேல் ஒரு கேமரா வைத்திருந்தோம். ஐப்பசி மாதத்துப் படங்களை முழுக்கத் தேடினேன். எல்லாம் யார் யாரோ மாணவர்கள். அவள் இல்லை. கடைசியில் பட்டியலை அடிமட்டம் வரை இழுத்தபோது, அந்தப் பழைய ஜனவரி ஒன்றாம் தேதியின் கீழ் ஒரே ஒரு படம் இருந்தது. தேதியைத் திருத்துவதற்கு முன்பே எடுத்திருக்கிறாள். போன தீபாவளிக்கு இளம்பிள்ளையில் வாங்கிய பச்சைச் சேலை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேமரா வேலை செய்கிறதா என்று சந்தேகத்தோடு பார்க்கிறாள்.

மகளுக்கு அனுப்பிவிட்டு, படத்தில் இருக்கும் தேதியையும் சொன்னேன்.

"அப்ப நான் பொறக்கவே இல்லீங்களேப்பா!" என்று சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் நீண்டது. அது சிரிப்பில்லை என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது.

"அழுவாத கண்ணு" என்றேன். இருவரும் போனை வைக்காமல் இருந்தோம்.

வாசலில் ஒரு பெண் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். "ரெண்டு பக்கமும் ஒரு காப்பி எடுத்துக் குடுங்க" என்றாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.