பின்னால் போன நான்கு மஞ்சள் விளக்குகள்

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் போக்குவரத்துக் காவலில் பதினாறு வருடமாக இருப்பவன் நான். கண்ணால் பார்த்ததையும் கையால் அளந்ததையும் மட்டுமே எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பழக்கம். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

நடந்தது சலாலா மலைப்பாதையில். ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை. இருட்டக்கூட இல்லை. மாலை ஐந்து மணி பத்து நிமிடம்.

என் பெயர் முசல்லம். மலைமேல் மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் என் மனைவி நைலா. பின்னால் எங்கள் எட்டு மாதக் குழந்தை ரீம் தூங்கிக்கொண்டிருந்தாள். கரீஃப் மழைக்காலம். தூறல் விடவில்லை. மூடுபனி வண்டியின் மூக்கிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது வளைவு தாண்டியதும் எதிரே வெளிச்சம் தெரிந்தது. நான்கு மஞ்சள் விளக்குகள். ஒரே வரிசையில், உயரத்தில். ஒரு பிக்கப் வண்டியின் கூரைமேல் பூட்டியவை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடுதல் விளக்கு இரண்டுக்கு மேல் கூடாது. முன்விளக்கைவிட உயரத்தில் வைக்கக் கூடாது. எதிரே வருகிறவன் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. வாகனப் பரிசோதனை நிலையத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் இதைச் சொல்லித் தொண்டை வற்றியவன் நான். அதைத்தான் நைலாவிடமும் சொன்னேன்.

“லீவு நாள்லயும் விட மாட்டீங்களா, அபூ ரீம்? எங்க அப்பா வீட்டு அடுப்புக்கும் ஒரு அபராதம் எழுதிட்டு வந்திருக்கலாம்ல” என்றாள். அபூ ரீம் என்றால் ரீமின் அப்பா; அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“நம்பரை மட்டும் குறிச்சுக்கோ.”

சிரித்துக்கொண்டே செல்போனில் குறித்தாள். 4417.

அதன் பிறகுதான் ஒன்று உறைத்தது. எதிரே வரும் வண்டி என்றால் நெருங்கி வர வேண்டும். இது நெருங்கவில்லை. நான் முப்பதில் போனேன். அதே பத்து மீட்டர் தூரம். பத்துக்குக் குறைத்தேன். அப்போதும் அதே பத்து மீட்டர்.

எங்களைப் பார்த்தபடியே அது பின்னால் போய்க்கொண்டிருந்தது. மலைப்பாதையில். வளைவுக்கு வளைவு சரியாகத் திரும்பி.

கண்ணாடியை இறக்கினேன். என் வண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். பனியில் உயர விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரி வெளிச்சம் திருப்பி அடிக்கும். இது அடிக்கவில்லை. அந்த மஞ்சளில் ஒரு தூறல்கூடத் தெரியவில்லை. கண் கூசவும் இல்லை.

நைலா சிரிப்பை நிறுத்தி ரொம்ப நேரமாகியிருந்தது.

“அந்த வண்டில வைப்பர் ஓடல” என்றாள் மெதுவாக.

வண்டிக் கடிகாரத்தில் மணி 5:29.

விளக்குகள் நின்றன.

நானும் பிரேக்கை அழுத்தினேன்.

வலது ஓரத்து விளக்கு அணைந்தது. அடுத்தது... அடுத்தது...

கடைசி ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் எரிந்தது. பிறகு அதுவும் அணைந்தது.

“இறங்காதீங்க” என்றாள் நைலா.

இறங்கினேன். டார்ச்சை அடித்துக்கொண்டு ஆறு அடி நடந்திருப்பேன். காலில் வெதுவெதுப்பாக ஏதோ தட்டியது.

மாடு.

ஒன்றல்ல, ஏழு மாடுகள். கறுப்பு மாடுகள். சேற்றுக்குப் பயந்து தார்ச்சாலையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வலது பக்கம் பள்ளம். வந்த வேகத்தில் இன்னும் ஒரு நொடி போயிருந்தால்... பின்னால் ரீம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிக்கப் வண்டி எங்கும் இல்லை. ஈரச் சாலையில் டயர் தடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக 4417 என்று கணினியில் தட்டினேன். விபத்தில் அழிந்த வாகனம். பதிவு நீக்கப்பட்டு பதினொரு மாதம். உரிமையாளர் மஹாத் பின் ஸுஹைல், காலமானார்.

அந்த வண்டியின் பரிசோதனைச் சீட்டை எடுத்தேன். ‘கூரைமேல் நான்கு கூடுதல் விளக்குகள். கழற்றிவிட்டு வரவும்.’ கீழே இருந்தது என் கையெழுத்து. அந்த மனிதரின் முகத்தை நினைவுபடுத்த எவ்வளவோ முயன்றேன். வரவே இல்லை.

அன்று மாலையே மலைக்குப் போனேன். மஹாதின் மனைவி துஃபூல் ஐம்பதைத் தாண்டியவர். நான் யார், என்ன பார்த்தேன் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். விரட்டுவார் என்று நினைத்தேன். பால் ஊற்றிய தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல தம்பி. மறுநாளே கழட்டிட்டு வந்து உங்ககிட்டதான் காட்டினார்” என்றார்.

அந்த விளக்குகள் வழி பார்ப்பதற்கு இல்லையாம். மாடு தேடிப் போகிறவர் பனியில் எந்தச் சரிவில் நிற்கிறார் என்று வீட்டு வாசலில் இருந்தே துஃபூலுக்குத் தெரிய வேண்டும். அதற்காகப் பூட்டியவை. மஞ்சள் தெரிந்தால் சோறு வைப்பாராம்.

கழற்றிய நான்காம் நாள் மஹாத் வீடு திரும்பவில்லை. குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியை ஒடித்திருக்கிறார். வண்டி பள்ளத்தில் உருண்டது. பனி விலகி ஆட்கள் கண்டுபிடித்தது மூன்றாம் நாள். கால் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாவது உயிரோடு இருந்திருப்பார் என்று மருத்துவர் சொன்னாராம்.

“ஹாரன் நசுங்கிப் போச்சு. போனும் உடைஞ்சு கிடந்துச்சு. முன்விளக்கு ஒண்ணு மட்டும் நல்லா இருந்திருக்கு. அவர் விரல் அந்த சுவிட்சு மேலேயே இருந்துச்சு தம்பி. போட்டுப் போட்டு அணைச்சிருக்கார்... பேட்டரி தீர்ற வரைக்கும்.”

என்னால் தேநீரைத் தொட முடியவில்லை.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “முகம் தெரிஞ்சுதா?”

இல்லை என்றேன்.

“உங்களை மாதிரி இன்னும் மூணு பேர் பார்த்திருக்காங்க. நான் தினமும் சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் வாசல்லதான் நிக்கிறேன். எனக்கு ஒரு தடவைகூட வரல.”

எந்த வளைவு, எந்தத் தேதி என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். போன வருடம் ஆகஸ்ட் பதினான்கில் விழுந்தார், பதினாறில் எடுத்தார்களாம்.

வீட்டுக்கு வந்து போன வருடப் பணிக்குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். நைலா பக்கத்தில் நின்றாள்.

ஆகஸ்ட் 14, 15. மழைக்காலச் சிறப்புச் சோதனை, கூடுதல் விளக்கு பூட்டிய வாகனங்கள். மாலை நான்கு முதல் இரவு ஒன்பது வரை. இடம், மஹாத் விழுந்த அதே வளைவு. பணியில் நின்றது நான்.

பதினைந்தாம் தேதிப் பக்கத்தின் அடியில், என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

‘8:20. கீழே பள்ளத்தில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிவதாக ஓர் ஓட்டுநர் சொன்னார். எட்டிப் பார்த்தேன். பனி. ஒன்றும் இல்லை.’