லட்சுமம்மா ஒப்பிக்கும் ஹிஸ்டரி

நீலசந்திராவில் லட்சுமம்மா பிளவுஸ் தைப்பவர். சர்க்கரை நோய், வலது பாதத்தில் புண். ஆறினால் வீட்டுக்குப் போவார், புண் மறுபடி வாய் திறந்தால் ஆஸ்பத்திரிக்கு வருவார். இப்படி வந்துபோனதில், வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள் பலருக்கு அவர்தான் கேஸ் ஸ்டடி.

அந்தப் பெண்கள் திக்கித் திணறிக் கேள்வி கேட்பது அவருக்குப் பொறுக்காது. போன பேட்ச் அனுஷா எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அந்த ஆங்கில வரிகளை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார்.

"உக்காரு பாப்பா. பேனா இருக்கா? நான் சொல்றதை எழுது. நடுவுல பேசாதே, எனக்கு விட்டுப்போயிடும்."

இந்த பேட்ச் தீபிகா நடுவில் பேசவில்லை. அழகான ஆங்கிலம் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். காப்பி கண்டுபிடிக்கும் கல்லூரிக் கம்ப்யூட்டர் பக்கம் பக்கமாகச் சிவப்புப் பூசியது.

"அனுஷா ஃபைலை யார் கொடுத்தது?" என்றார் ஆசிரியை ஸ்ரீலக்ஷ்மி.

"யாரும் கொடுக்கல மேடம். ஆன்ட்டி சொன்னதைத்தான் எழுதினேன்."

"ஆன்ட்டி இங்கிலீஷ்ல சொன்னாங்களா? காப்பின்னு ஆச்சுன்னா இந்த வார்டு போஸ்டிங்கையே நீ மறுபடி செய்யணும்."

இருவரும் வார்டுக்குப் போனார்கள். மேடத்தைப் பார்த்ததும் லட்சுமம்மா தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டு, "நான்-ஹீலிங் அல்சர் ஆன் ரைட் ஃபுட்" என்று தொடங்கி, "பேஷன்ட் டேக்ஸ் கம்ப்ளீட் ரெஸ்ட் அட் ஹோம்" என்பது வரை ஒரே மூச்சில் ஒப்பித்தார். பக்கத்துப் படுக்கைக்காரி கைதட்டினாள்.

ஸ்ரீலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நீ திருடல, சரி. ஆனா ஒரு கேள்விகூடக் கேக்கலையே! நாளைக்கு நீயே சொந்தமா எழுதிக் கொண்டுவா. இல்லேன்னா ரிப்பீட்தான்" என்றார்.

மறுநாள் காலை தீபிகா ஃபைலை எடுக்காமல் கட்டு மாற்றப் போனாள். புண்ணைச் சுற்றித் தோல் தடித்துக் காய்த்திருந்தது.

"ரெஸ்ட்லயே இருந்தா தோல் இப்படிக் காய்ச்சுப்போகுமா ஆன்ட்டி?"

"கம்ப்ளீட் ரெஸ்ட் அட் ஹோம்."

"அது அனுஷா எழுதினது. நீங்க மெஷினை எந்தக் காலால மிதிப்பீங்க?"

லட்சுமம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இதையெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"நான் கேக்கறேன்."

"வலதுலதான் அழுத்தம். சும்மா உக்காந்திருந்தா பிளவுஸ் தானா தைச்சுக்குமா?"

காரணம் கிடைத்துவிட்டது. புண் ஆறும்வரை மிதி கூடாது. காலை நீட்டி உட்கார்ந்து கொக்கி வைக்கலாம், ஹெம்மிங் போடலாம். அதற்குப் பிறகு மெஷினுக்கு மோட்டார். இத்தனையும் லட்சுமம்மாவிடம் பேசி, அவர் பேரம் பேசி ஒப்புக்கொண்டதை மட்டும் தீபிகா எழுதினாள். இலக்கணம் கொஞ்சம் நொண்டியது. ஸ்ரீலக்ஷ்மி முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"பாஸ் ஆயிட்டேன் ஆன்ட்டி!"

"என்ன எழுதினே? கொஞ்சம் படிச்சுக் காட்டு, கேப்போம்."

தீபிகா ஃபைலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அது மட்டும் முடியாது."