ஆறு பழைய கணினிகளும் முத்துச்செல்வியும்

செவ்வாய்க்கிழமை காலை, சரவெடிப் பெட்டிக்கான லேபிளின் மாதிரி அச்சை, அதாவது புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் முத்துச்செல்வியின் மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டாக" என்றாள். விடியற்காலையில் நெஞ்சுவலி. விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் புரூஃபில் இரண்டாவது கையெழுத்து அவர் போட வேண்டியது.

சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்கு வந்து போன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவருடைய அம்மா அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி. இவர் பைண்டிங் பிரிவில் தாள் மடிக்க வந்து, சாப்பாட்டு நேரங்களில் டிசைன் அறையில் நின்று பார்த்தே கணினி பழகியவர். பிறகு அந்த அறைக்கே பொறுப்பாளர் ஆனார். வயதில் மூத்த நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஆரம்பத்தில் அது எனக்கு உறுத்தியது. பிறகு ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புதுப் போன் எது வாங்கலாம் என்று அவரிடம் யோசனை கேட்காதவர்கள் குறைவு. விலையோ கம்பெனியோ அவர் பேசமாட்டார். "இப்ப வச்சிருக்கிறதுல என்ன செய்ய முடியல, அதச் சொல்லுங்க" என்பார். பாதிப்பேர் பதில் தெரியாமல் பழைய போனோடு வீட்டுக்குப் போனார்கள். நானும் இரண்டு முறை போனேன்.

எங்கள் ஆறு கணினிகளிலும் விண்டோஸின் புதிய பதிப்பு ஏறாது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று விற்பனையாளர் வந்து சொன்னபோது தீபாவளிச் சீசன் நெருங்கிவிட்டது. முத்துச்செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டார். விண்டோஸுக்குப் பதில், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டால் ஓடும் என்றார். ஓசியில் கிடைப்பதை நம்பிச் சீசனில் இறங்குவதா என்று நான் கேலி செய்தேன். முதலாளி சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "ஒரு ஆர்டர் கெட்டாலும் பழையபடி மாத்திருவேன். நீ பைண்டிங்குக்கே போயிரணும்" என்றார். முத்துச்செல்வி சரி என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

திங்கட்கிழமை ஆறும் ஓடின, முன்னைவிட வேகமாக. டிசைன் செய்யும் மென்பொருளும் புதிது என்பதால் எனக்குத்தான் கை பழகவில்லை. நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர் கொண்டு வந்ததுதான். எந்த லேபிளானாலும் புரூஃப் எடுத்து, வெறும் பெட்டியில் சுற்றிப் பார்த்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். "திரை பொய் சொல்லும் அண்ணாச்சி, தாள் சொல்லாது" என்பார். அந்தத் திங்கட்கிழமை அவசரம். பழைய பென்டிரைவில் இருந்த கம்பி மத்தாப்பு லேபிளை நான் திறந்தேன். படம் பளிச்சென்று இருந்தது. புரூஃப் எடுக்காமல் நேரே அனுப்பிவிட்டேன். அடியில் பொடியாக வரும் எச்சரிக்கை வரிகள், பழைய எழுத்துரு இல்லாததால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறியிருந்தன. பாதி லோடு அச்சான பிறகுதான் மிஷின்காரர் பார்த்தார்.

முதலாளி கத்தினார். எல்லாம் இந்த லினக்ஸால் வந்தது என்று நான் சொன்னேன். முத்துச்செல்வி என் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "புரூஃப் எடுத்தீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். அவர் திரும்பி, "என் தப்பு முதலாளி. பழைய எழுத்துருவச் சேர்க்காம விட்டுட்டேன். சாயங்காலம் வரைக்கும் டயம் குடுங்க" என்றார். மதியம் சாப்பிடவில்லை. லேபிளைச் சரிசெய்து, மீதிப் பழைய ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடித்தார். சாயங்காலம் சரியான லோடு கிளம்பியது. முதலாளி நிபந்தனையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மறுநாள் கேட்டேன். "உங்க பேரச் சொன்னா நீங்க கூசிப் போவீக. சிஸ்டத்தச் சொன்னா ஆறும் காயலான் கடைக்குப் போயிரும். என்னையச் சொன்னா நான் சரிபண்ணிட்டுப் போறேன்" என்றார். கெட்டுப்போன தாளில் ஒரு லேபிளை வெட்டி என் திரைக்குக் கீழே ஒட்டினார். அது எதற்கென்று எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, தூக்கிப் போடச் சொன்ன ஆறு கணினிகளுக்கும் அவரே சந்தனம் வைத்தார். அவை இன்றும் ஓடுகின்றன. இதைத் தட்டிக்கொண்டிருப்பதும் அவற்றில் ஒன்றில்தான்.

கேத வீட்டில் முதலாளி கண் கலங்கி, "இத்தன வருசத்துல அந்தப் பொண்ணு செஞ்சது ஒரே ஒரு தப்புத்தான்யா, அந்த மத்தாப்பு லேபிளு" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் அங்கேயும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம்தான் இதை எழுத வைக்கிறது.

முதலாளி, அந்த ஒன்றும் அவருடையது இல்லை. அது என்னுடையது.

அந்த லேபிள் இன்னும் என் திரைக்குக் கீழே இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். இன்று காலை, புரூஃபில் போடுவதைப் போலவே, அதன் மேல் என் கையெழுத்தைப் போட்டேன்.